வீரன் போன பிறகு அந்த நாடு என்ன ஆனது?

'ஒகரினா ஆஃப் டைம்' முடியும் இடத்தில் மேகங்களுக்கு நடுவே இருவர் நிற்கிறார்கள். கானன் வீழ்ந்துவிட்டான். இளவரசி ஸெல்டா, லிங்க்கின் கையிலிருந்த நீல நிற ஊதுகருவியை வாங்கிக்கொள்கிறாள். இழந்த ஏழு ஆண்டுகளைத் திரும்பிப் போய் வாழச் சொல்லி, அதை வாசித்து, அவனை மறுபடி சிறுவனாக்கி அனுப்பிவிடுகிறாள். பெயர்ப்பட்டியல் ஓடத் தொடங்குகிறது. திரையில் லான் லான் பண்ணை, இரவு, கொண்டாட்டம். மலையில் வாழும் கோரான்கள், பாலைவனத்து கெருடோ பெண்கள், காட்டுச் சிறுவர்கள் என்று நாடே கூடி ஆடுகிறது. யாருக்காக ஆடுகிறார்களோ அவன் மட்டும் அங்கே இல்லை. ஓரத்தில் காட்டுச் சிறுவன் மீடோவும் ஸோரா அரசரும் தலை கவிழ்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். பிறகு காட்சி மாறுகிறது. சிறுவன் லிங்க் காலக் கோயிலில் நிற்கிறான். அரண்மனைத் தோட்டத்தில் சிறுமி ஸெல்டாவைத் தேடிப் போகிறான்.

ஒரே முடிவுக்குள் இரண்டு முடிவுகள். வெற்றி கிடைத்தும் வீரனை இழந்த நாடு ஒன்று. இன்னும் எதுவுமே நடந்திராத நாடு ஒன்று. 1998 நவம்பரில் வெளிவந்த இந்த விளையாட்டை முடித்தவர்களில் பலர் சிறுவனோடு சேர்ந்து தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். சிலர் மட்டும் பண்ணையைத் திரும்பிப் பார்த்தார்கள். அங்கே ஆடியவர்களுக்கு மறுநாள் பொழுது விடிந்ததா? விடிந்தது என்றால், அந்த நாள் எந்தக் கதையில் இருக்கிறது? 'தி லெஜண்ட் ஆஃப் ஸெல்டா' தொடரின் கதைகளை எந்த வரிசையில் அடுக்குவது என்று ரசிகர்கள் கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடத்திவரும் வழக்கு, பெரும்பாலும் இந்தக் கேள்வியிலிருந்து கிளம்பியதுதான்.

அந்த வழக்கில் கட்சிகள் பல. உற்றுப் பார்த்தால் எல்லாம் இரண்டில் அடங்கிவிடும். ஹைரூல் என்னும் அந்த நாட்டுக்கு உண்மையான வரலாறு ஒன்று உண்டு, அது ஓரிடத்தில் பிளந்து கிளைகளாக ஓடுகிறது, ஒவ்வொரு விளையாட்டையும் ஏதோ ஒரு கிளையில் சரியாகப் பொருத்திவிடலாம் என்பது முதல் கட்சி. இதைக் கிளைக் கோட்பாடு என்று வைத்துக்கொள்வோம். வரலாறு என்று எதுவும் இல்லை, ஒரு பழங்கதை இருக்கிறது, அதைத் தலைமுறைக்குத் தலைமுறை வேறுவேறு வாய்கள் சொல்லிவருகின்றன, ஒவ்வொரு விளையாட்டும் அப்படியொரு சொல்முறை என்பது இரண்டாம் கட்சி. இது தொன்மக் கோட்பாடு. முன்னது முரண்பாட்டைத் தடயம் என்கிறது. பின்னது அதே முரண்பாட்டைச் சொல்பவரின் கைரேகை என்கிறது.

தொடரை அறியாதவர்களுக்காகக் கொஞ்சம் முன்கதை. 1986 பிப்ரவரியில் நின்டெண்டோ ஜப்பானில் வெளியிட்ட முதல் விளையாட்டை ஷிகெரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் உருவாக்கினார்கள். ஹைரூல் நாடு, பச்சை உடை அணிந்த லிங்க், இளவரசி ஸெல்டா, கானன் என்ற கொடியவன், ட்ரைஃபோர்ஸ் என்னும் மூன்று பொன் முக்கோணங்கள். பெரும்பாலான விளையாட்டுகளில் இவையே திரும்ப வரும். ஆனால் ஆள் மாறிக்கொண்டே இருப்பான். பெரும்பாலும் வேறு காலத்து லிங்க், வேறு காலத்து ஸெல்டா. 1987இல் வந்த இரண்டாவது, முதலாவதன் நேர்த் தொடர்ச்சி. 1991இல் ஜப்பானில் வந்த 'எ லிங்க் டு தி பாஸ்ட்' அமெரிக்காவுக்குப் போனபோது, இது அந்த லிங்க், ஸெல்டாவின் முன்னோர் கதை என்று பெட்டியின் பின்புறம் அச்சிட்டிருந்தது. அதுவரை சிக்கல் இல்லை. 'ஒகரினா' வெளிவந்த வேளையில் மியாமோட்டோ ஓர் அமெரிக்க இதழின் பேட்டியில் வேறு வரிசை சொன்னார். 'ஒகரினா' முதலில், பிறகு 1986, 1987 விளையாட்டுகள், கடைசியில் 'எ லிங்க் டு தி பாஸ்ட்'. பெட்டி ஒன்று சொல்ல, படைத்தவர் வேறொன்று சொன்னார். இரண்டில் எதை நம்புவது என்று ரசிகர்கள் திணறினார்கள். படைத்தவர் வாக்கைவிடப் படைப்புக்குள் கிடக்கும் சான்றுக்கே எடை அதிகம் என்ற பழக்கம் அவர்களுக்கு இந்தத் திணறலில்தான் வந்திருக்கும் என்று நினைக்கிறேன்.

தொன்மக் கோட்பாடு தமிழ் வாசகருக்கு எளிதில் விளங்கும். வான்மீகத்தில் இராவணன் சீதையைத் தொட்டுத் தூக்கிப் போகிறான். கம்பனில் அவளைத் தொடாமல், பர்ணசாலை நின்ற நிலத்தோடு பெயர்த்துப் போகிறான். இரண்டு இராவணர்கள் இருந்தார்கள், காலம் ஓரிடத்தில் பிளந்துகொண்டது என்று நம்மில் யாரும் படம் வரைந்து விளக்கப் போவதில்லை. சொல்பவன் வேறு, அவன் காலம் வேறு, அவன் கேட்போர் வேறு என்று எடுத்துக்கொள்கிறோம். லிங்க் ஒருமுறை மாமாவோடு வீட்டில் இருக்கிறான், ஒருமுறை காட்டில் பெரிய மரத்தின் காவலில் வளர்கிறான், ஒருமுறை தீவில் பாட்டியோடு வாழ்கிறான். இவையும் அப்படி ஒரே வீரனின் பல பாடங்களாக ஏன் இருக்கக் கூடாது என்று தொன்மக் கட்சி கேட்கிறது. தொடரின் பெயரிலேயே 'லெஜண்ட்' இருக்கிறது என்பதையும் அவர்கள் நினைவூட்டத் தவறுவதில்லை.

அவர்கள் கையில் இருக்கும் நல்ல சான்று நிலப்படம்தான். ககாரிகோ என்ற சிற்றூரை எடுத்துக்கொள்ளுங்கள். 'எ லிங்க் டு தி பாஸ்ட்'டில் அது அரண்மனைக்கு மேற்கே இருக்கிறது. 'ஒகரினா'வில் கிழக்கே, டெத் மவுண்டன் என்ற எரிமலையின் அடிவாரத்தில். 2017இல் வந்த 'பிரெத் ஆஃப் தி வைல்ட்'டில் தென்கிழக்கு மலைகளின் இடுக்கில். வழிதவறச் செய்யும் லாஸ்ட் வுட்ஸ் காடும் இதேபோல் திசை மாறித் திரிகிறது. காலத்தில் ஊர்கள் பெயரும், பெயர்கள் ஊர்விட்டு ஊர் போகும் என்று கிளைக் கட்சி பதில் சொல்லலாம். ஒன்றிரண்டுக்கு அது செல்லும். எரிமலை, காடு, ஏரி, பாலை எல்லாமே இடம் மாறும்போது அந்தப் பதில் சப்பைக்கட்டாகிவிடுகிறது. ஆனால் செவிவழிக் கதையில் ஊர் இடம் மாறுவது இயல்பு. கதை சொல்பவருக்கு மலைக்குப் பக்கத்தில் ஓர் ஊர் வேண்டும். அது எந்தத் திசை என்று அவர் கவலைப்படுவதில்லை.

விளையாட்டுகள் உருவாகும் முறையும் தொன்மக் கட்சிக்கே துணை நிற்கிறது. எப்படி விளையாடுவது என்பதுதான் முதலில், கதை அதற்குப் பிறகே என்று தொடரின் தயாரிப்பாளர் எய்ஜி அவோனுமா பலமுறை சொல்லியிருக்கிறார். பெரிய வரலாற்றுத் திட்டம் ஒன்றைச் சுவரில் மாட்டிவைத்து, அதைப் பார்த்துப் பார்த்து எழுதிய தொடர் அல்ல இது.

இவ்வளவையும் ஒப்புக்கொண்டுதான் நான் கிளைக் கோட்பாட்டின் பக்கம் நிற்கிறேன்.

முதலில் அதற்கு எதிரான வலுவான தடை ஒன்று, அதுவும் 'ஒகரினா'வுக்குள்ளேயே இருக்கிறது. சிறுவனாக இருக்கும்போது லிங்க் ஒரு மாயவிதையை மண்ணில் ஊன்றுகிறான். காலக் கோயிலின் வாளை உருவி ஏழு ஆண்டு தாண்டி வந்து பார்த்தால், அந்த விதை மனிதன் ஏறி நிற்கும் அளவு இலையாக வளர்ந்து காற்றில் மிதக்கிறது. ககாரிகோவின் காற்றாலைக்காரர் இன்னும் விசித்திரம். ஏழு ஆண்டுக்கு முன் ஒரு பொடியன் வந்து இந்தப் பாட்டை வாசித்து என் ஆலையைக் குலைத்துவிட்டான் என்று கோபத்தோடு, வளர்ந்த லிங்க்குக்கு அந்தப் புயல் பாட்டைக் கற்றுக்கொடுக்கிறார். லிங்க் பின்னோக்கிப் போய் அதே பாட்டை வாசிக்கிறான். பாட்டை முதலில் யார் இயற்றியது? யாருமில்லை. வட்டம் மூடிக்கொள்கிறது. இந்த இரண்டு சான்றின்படி காலம் ஒரே கோடு. பின்னால் செய்தது முன்னால் தெரிகிறது. அப்படியிருக்கக் கடைசியில் மட்டும் கோடு ஏன் பிளக்க வேண்டும்?

கிளைக் கட்சியின் பதில் இது. விளையாட்டு முழுதும் லிங்க் காலத்தைக் கடப்பது வாளால். வாளை உருவினால் வருங்காலம், செருகினால் கடந்த காலம். அந்தப் பாதை ஒன்றுதான். முடிவில் அவனை அனுப்புவது வாள் அல்ல, ஸெல்டாவின் இசை. அதற்குப் பிறகு பண்ணைக் கொண்டாட்டம் தனியாகவும் தோட்டத்துச் சந்திப்பு தனியாகவும் காட்டப்படுகின்றன. கோடு ஒன்றாகவே இருந்திருந்தால் சிறுவன் தோட்டத்துக்குப் போய் எச்சரிக்கும் கணமே பண்ணைக் கொண்டாட்டம் இல்லாமல் போயிருக்க வேண்டும். 1998இல் இது வெறும் வாதம். நிரூபிக்க வேறு கதை எதுவும் கையில் இல்லை.

2002 டிசம்பரில் 'தி விண்ட் வேக்கர்' வந்தது. திரை திறந்தால் நிலமே இல்லை. கண்ணுக்கெட்டிய தூரம் கடல், நடுநடுவே தீவுகள். பழைய சித்திரங்கள் வரிசையாக நகர, அடைபட்ட தீமை மீண்டும் எழுந்தது, மக்கள் கால வீரன் வருவான் என்று காத்திருந்தார்கள், அவன் வரவில்லை என்று முன்னுரை சொல்கிறது. அவன் எப்படி வருவான்? அவனைத்தான் ஸெல்டா அனுப்பிவிட்டாளே! தெய்வங்கள் ஹைரூலைக் கடலுக்கடியில் மூழ்கடித்தன. பண்ணையில் ஆடியவர்களுடைய மறுநாள் இதுதான். இந்த விளையாட்டு 'ஒகரினா'வின் பெரியவன் முடிவுக்குப் பிறகு நடப்பது என்றும், அந்தக் கதைக்கு இரு முடிவுகள் உண்டு என்றும் அவோனுமா அப்போதே ஒரு பேட்டியில் உறுதி செய்தார்.

பேட்டியே இல்லாவிட்டாலும் விளையாட்டு இதைச் சொல்லிவிடுகிறது. அவுட்செட் தீவில் லிங்க்குக்குப் பிறந்தநாள். பாட்டி பெட்டியிலிருந்து ஒரு பச்சை உடையை எடுத்துக் கொடுக்கிறார். கால வீரனின் வயதை எட்டும் சிறுவர்களுக்கு அன்று அதை உடுத்துவது அந்தத் தீவின் வழக்கம். கடல்காற்று வீசும் அந்த வெயிலில் அது கனத்த துணி; பையன் முகம் சுளிக்கிறான். ஏன் உடுத்துகிறோம் என்று தீவுக்காரர்களுக்கே பாதிதான் தெரியும். பிறகு ஒரு நாள் அவன் கடலுக்கடியில் இறங்கி, காலம் உறைந்துபோன பழைய அரண்மனைக்குள் நுழைகிறான். கூடத்தின் நடுவே கால வீரனின் சிலை. அதற்குக் கீழே, வாள் செருகியிருக்கும் அறையின் வண்ணக் கண்ணாடிகளில் கால வீரனுக்குத் துணை நின்ற ஞானியரின் உருவங்கள். 'ஒகரினா'வை ஆடியவர்களுக்கு அந்த முகங்கள் ஒவ்வொன்றும் பெயர் சொல்லி அழைக்கத்தக்க முகங்கள். வீரனை இழந்தவர்கள் அவனுக்குச் சிலை வைத்திருக்கிறார்கள், கண்ணாடியில் கதை எழுதியிருக்கிறார்கள், அவன் உடையைத் தங்கள் பிள்ளைகளுக்குத் தைத்து உடுத்துகிறார்கள். அவன் மட்டும் திரும்பவில்லை.

2006இல் வந்த 'ட்விலைட் பிரின்சஸ்' மறுபக்கத்தைக் காட்டியது. பாலைவனச் சிறையொன்றில் கானன்டார்ஃபை, அதாவது கானனின் மனித உருவை, சங்கிலியால் பிணைத்துத் தண்டனை நிறைவேற்றும் காட்சி. ஞானியர் அவன் மார்பில் வாளைப் பாய்ச்சுகிறார்கள். அவன் கையில் ட்ரைஃபோர்ஸ் ஒளிர்கிறது. கட்டை அறுத்து ஒரு ஞானியைக் கொன்றுவிடுகிறான். மிஞ்சியவர்கள் அவனைக் கண்ணாடி வழியாக நிழலுலகுக்குத் துரத்துகிறார்கள். 'ஒகரினா'வில் அரியணையைப் பிடித்து ஏழு ஆண்டு ஆண்டவனை இங்கே எப்படிப் பிடித்தார்கள்? தோட்டத்தில் அந்தச் சிறுவன் சொன்ன எச்சரிக்கையால்தான் என்று கிளைக் கட்சி படிக்கிறது. (அந்தச் சிறுவர் காலத்தில் அவன் கைக்கு ட்ரைஃபோர்ஸ் எப்படி வந்தது என்பது இன்றும் முழுதாக அவிழாத முடிச்சு. தெய்வங்களின் விளையாட்டு என்று கதையே நழுவிவிடுகிறது.) 'விண்ட் வேக்கர்' ஒரு பக்கம், இது மறுபக்கம், இரண்டும் இணைகோடுகள் என்று அதே ஆண்டு ஒரு ஜப்பானிய இதழில் அவோனுமா விளக்கினார்.

இந்த விளையாட்டில் எலும்புக்கூடாகிப்போன ஒரு போர்வீரன் வருகிறான். பொன்னிற ஓநாயாகத் தோன்றி, பனிமூட்டம் சூழ்ந்த ஓரிடத்துக்கு லிங்க்கை அழைத்துப் போய், மறைந்துபோன வாள்வித்தைகளை ஒவ்வொன்றாகக் கற்றுக்கொடுக்கிறான். வீரனாக வாழ்ந்தும், கற்றதை அடுத்தவர் கையில் ஒப்படைக்க முடியாமல் போன வருத்தம் அவனுக்கு. பெயர் சொல்லவில்லை. கடைசி வித்தையைக் கொடுத்துவிட்டு, பிள்ளையைப் போல் லிங்க்கை விளித்து விடைபெறுகிறான். இவன்தான் பழைய கால வீரன், சிறுவனாகத் திரும்பிப் போனவன், வளர்ந்து மாண்டபின்னும் அமைதி கிட்டாதவன் என்று ரசிகர்கள் ஊகித்தார்கள். 2011இல் வந்த அதிகாரபூர்வ நூலான 'ஹைரூல் ஹிஸ்டோரியா' அதை உறுதி செய்தது.

இந்த இரண்டு கதைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தபோதுதான் எனக்குக் கிளைக் கோட்பாடு வெறும் அடுக்குக் கணக்கு அல்ல என்று புரிந்தது. ஒரு கிளையில் வீரன் இல்லை, அவன் நினைவு ஊர் ஊராக இருக்கிறது. மறு கிளையில் வீரன் இருக்கிறான், அவன் செய்ததை நினைப்பவர் யாருமில்லை. ஏனென்றால் அந்த உலகில் அவன் அதைச் செய்யவே இல்லை. ஸெல்டா அவனுக்குக் கொடுத்தது வரம் என்று நினைத்தாள். அதற்கான விலையை இரண்டு உலகங்களும் வேறுவேறு விதமாகக் கொடுத்தன. கோடு பிளந்திருக்காவிட்டால் இந்தத் துயரம் இவ்வளவு துல்லியமாக அமைந்திருக்காது.

தொன்மக் கட்சி இங்கே சும்மா இருக்காது. கொடியவனின் முடிவைப் பற்றி ஓர் ஊரில் ஒரு கதை, இன்னோர் ஊரில் வேறு கதை. ஓரிடத்தில் கடலடியில் நெற்றியில் வாள் பாய்ந்து கல்லாகிறான், ஓரிடத்தில் வயிற்றில் வாளோடு நின்றபடியே சாகிறான். இது மரபில் நடப்பதுதானே என்பார்கள். நியாயமான கேள்வி. இதற்குப் பதிலாக நான் வைக்கும் உரைகல் ஒன்று உண்டு. கம்பனின் இராமன், வான்மீகியின் இராமனைத் தனக்கு முன் வாழ்ந்த வேறொருவனாக நினைவுகூர்வதில்லை. மறுசொல்லல் தன் மூலத்தின் இடத்தில் உட்காருமே தவிர, அதைத் தன் கடந்த காலமாக வைத்துக்கொள்ளாது. 'விண்ட் வேக்கர்' அப்படி வைத்துக்கொள்கிறது. அதன் லிங்க் கால வீரன் அல்ல, கால வீரனின் சிலைக்கு முன் நிற்பவன். அதன் கானன்டார்ஃப், தான் பிறந்த பாலைவனத்தின் சுடுகாற்றை நினைத்துப் பேசும் அதே பழைய ஆள், வயது மட்டும் ஏறியிருக்கிறது. ஒரு கதை இன்னொரு கதையை ஒத்திருப்பது வேறு. இன்னொரு கதையை நினைவில் வைத்திருப்பது வேறு. ஒத்திருப்பதை விளக்கத் தொன்மம் போதும். நினைவை விளக்க வரலாறு வேண்டும்.

இந்த உரைகல்லில் எல்லா விளையாட்டும் தேறாது. நான்கு வாள்களின் கதைகளும் 'தி மினிஷ் கேப்'பும் மற்றவற்றை ஒத்திருக்கின்றன, ஆனால் எதையும் பெரிதாக நினைவில் வைத்திருக்கவில்லை. அவற்றை வரிசையில் நுழைக்கக் கிளைக் கட்சி பட்ட பாட்டைப் படிக்கும்போது, பொருந்தாத சாவியைப் பூட்டில் திணிப்பது போலத்தான் இருக்கிறது. அவற்றைத் தொன்மக் கட்சிக்கே கொடுத்துவிடலாம்.

'ஹைரூல் ஹிஸ்டோரியா' ஜப்பானில் 2011 டிசம்பரில் வந்தபோது கிளைக் கட்சி வென்றது. நின்டெண்டோவே கிளை உண்டு என்று அச்சில் ஒப்புக்கொண்டது. கூடவே ஓர் அதிர்ச்சியும் வந்தது. கிளைகள் இரண்டல்ல, மூன்று. பெரும்பாலோர் எதிர்பாராத மூன்றாவது கிளை, 'ஒகரினா'வின் இறுதிப் போரில் லிங்க் தோற்றுச் செத்த உலகம். 'எ லிங்க் டு தி பாஸ்ட்'டும் 1986, 1987 கதைகளும் அங்கே போய்ச் சேர்ந்தன. காரணம் புரிகிறது. 'எ லிங்க் டு தி பாஸ்ட்'டில் கானன் முழு ட்ரைஃபோர்ஸையும் வைத்திருக்கிறான். அவனை வீரன் யாரும் இல்லாமல் ஞானியர் அடைத்த பழைய போர் ஒன்று பேசப்படுகிறது. 'ஒகரினா'வின் இரு முடிவுகளிலும் ட்ரைஃபோர்ஸ் மூன்றாகச் சிதறியே இருக்கிறது. கணக்கு உதைக்கிறது. ஆகவே கானன் வென்று மூன்றையும் பறித்த ஓர் உலகம் தேவைப்பட்டது.

தேவைக்குப் பிறந்தது என்பதுதான் இந்தக் கிளையின் குறை. மற்ற இரண்டும் ஒரு காட்சியிலிருந்து முளைத்தவை. பண்ணை இருக்கிறது, தோட்டம் இருக்கிறது, நாம் கண்ணால் பார்த்திருக்கிறோம். மூன்றாவதற்குக் காட்சி எது? ஆடியவர் ஒவ்வொருவரும் அந்த இறுதிப் போரில் ஒருமுறையாவது தோற்றிருப்பார்கள், அந்தத் தோல்வித் திரைதான் காட்சி என்று சிலர் வாதாடுகிறார்கள். அழகான வாதம். ஆனால் எல்லா விளையாட்டிலும் லிங்க் சாகிறான். இந்தச் சாவுக்கு மட்டும் உலகம் ஏன் பிளக்க வேண்டும் என்பதற்கு அந்த நூலிலும் விடை இல்லை. இந்த வரிசை பின்னால் மாறக்கூடும் என்ற எச்சரிக்கையும் அதில் இருந்தது. சொன்னபடியே மாறியது. 'லிங்க்ஸ் அவேக்கனிங்' பிற்பாடு வந்த வரிசையில் இடம் மாறி, 'ஆரக்கிள்' இரட்டைக் கதைகளுக்கு முன்னால் வந்து உட்கார்ந்தது.

அதே 2011இல் வந்த 'ஸ்கைவார்ட் ஸ்வார்ட்' எல்லாவற்றுக்கும் முந்தைய கதை. முடிவில் டிமைஸ் என்னும் அசுரன் சாகும்போது ஒரு சாபமிடுகிறான். தன் வெறுப்பு மீண்டும் மீண்டும் பிறக்கும், தெய்வத்தின் குருதியையும் வீரனின் உயிரையும் என்றும் தொடரும் என்று. கவனித்துப் பார்த்தால் இதன் மூலம் தொன்மக் கட்சியின் ஆயுதத்தைக் கிளைக் கட்சி பறித்துக்கொண்டது. எல்லாக் கதையும் ஏன் ஒன்றைப் போலவே இருக்கிறது என்ற கேள்விக்கு, ஒரே கதையைத் திரும்பச் சொல்வதால் என்று இனிச் சொல்லத் தேவையில்லை. சபிக்கப்பட்ட வரலாறு தானே திரும்ப நடக்கிறது.

'பிரெத் ஆஃப் தி வைல்ட்' இந்த ஏற்பாட்டைக் கலைத்துப் போட்டது. முதல் சில மணி நேரத்திலேயே ஒரு பாறையை உடைத்து உப்பு எடுத்தேன். சமையலுக்கு. அதன் குறிப்பில், இது பண்டைக் கடலின் உப்பு என்று எழுதியிருந்தது. கையில் இருந்தது ஒரு கல் உப்பு. ஆனால் கடல் மூடியது ஒரு கிளையில் மட்டும்தானே! அப்படியானால் இது 'விண்ட் வேக்கர்' கிளை. ரீட்டோ என்னும் பறவை இனமும் இருக்கிறது, அதுவும் அந்தக் கிளைக்கே உரியது. ஆனால் அந்தக் கிளையில் ஸோரா இனமே அல்லவா ரீட்டோவாக மாறியது? இங்கே ஸோராக்கள் தங்கள் அருவி நகரில் சுகமாக இருக்கிறார்கள். அந்த நகரின் கற்பலகையில், ஞானியாகி வீரனோடும் இளவரசியோடும் தீமையை எதிர்த்த ரூட்டோவின் கதை செதுக்கியிருக்கிறது. இந்த விளையாட்டில் வரும் நான்கு இயந்திர விலங்குகளின் பெயர்களைப் பாருங்கள். ரூட்டா, ரூடானியா, நபோரிஸ் மூன்றும் 'ஒகரினா'வின் ரூட்டோ, டாருனியா, நபூரு ஆகியோரை எதிரொலிக்கின்றன; மெடோ என்பது 'விண்ட் வேக்கர்' மெட்லியை. இதோடு, ஸெல்டா ஒரு சடங்கில் வீரனை வாழ்த்தும் சொற்களில் வானமும் காலமும் அந்தியும் சேர்ந்து ஒலிக்கின்றன. அந்தி, அதாவது 'ட்விலைட்', சிறுவர் கிளைக்குச் சொந்தம். இந்த உலகம் எல்லாக் கிளைகளையும் ஒன்றாக நினைவில் வைத்திருக்கிறது.

என் உரைகல் இங்கே உடைந்துவிட்டது என்று தொன்மக் கட்சியினர் சொன்னால் அதில் பாதி உண்மை இருக்கிறது. ஒன்றோடொன்று சேராத நினைவுகளை ஒரே உலகம் சுமக்கிறது என்றால், அவை நினைவுகளா, கேள்விப்பட்ட கதைகளா? இந்தக் கதைக்குள்ளேயே பத்தாயிரம் ஆண்டுக்கு முந்தைய போர் ஒன்று சொல்லப்படுகிறது. அவ்வளவு காலத்தில் எந்த வரலாறும் கதையாகிவிடும். கிளைகள் எங்கோ மீண்டும் இணைந்தன என்று சிலர் எழுதினார்கள். அதற்கு ஒரு காட்சி கிடைக்கும்வரை நான் ஏற்கமாட்டேன். எந்தக் கிளை என்பதை ஆடுபவர் கற்பனைக்கே விட்டுவிட்டதாகப் படைத்தவர்களும் சொல்லிவிட்டார்கள்.

2023 மே மாதம் 'டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்' வந்ததும் வழக்கு புதிய நீதிமன்றத்துக்குப் போனது. இதில் ராவுரு என்ற ஸோனாய் இனத்து அரசர் ஹைரூலை நிறுவுகிறார். புதிய கானன்டார்ஃப் ஒருவன். அவனை அடைத்த போருக்கு 'எ லிங்க் டு தி பாஸ்ட்'டில் பேசப்பட்ட பழைய போரின் அதே பெயர். இது தொடக்கத்தில் நடந்த முதல் நிறுவுதலா, அழிந்துபோன ஹைரூலின் மேல் எழுந்த இரண்டாம் நிறுவுதலா? முதல் என்றால் பழைய கதைகளோடு ஏகப்பட்ட இடங்களில் மோதும். இரண்டாவது என்றால் மோதல் குறையும். நிறுவுதலுக்கு முன்பே ஓர் அழிவு நடந்திருக்கலாம் என்ற வாய்ப்பை இயக்குநர் ஹிதெமாரோ ஃபுஜிபயாஷி ஒரு ஜப்பானிய இதழுக்குச் சொன்ன பதிலில் திறந்தே வைத்தார். நான் இரண்டாம் நிறுவுதலை நம்புகிறேன். ஆனால் 'விண்ட் வேக்கர்' கண்ணாடிகளைப் போலக் கையைப் பிடித்துக் காட்டும் சான்று அதற்கு இன்னும் இல்லை.

அப்படிப்பட்ட சான்று எப்படி இருக்கும் என்று கேட்பவர்களுக்கு 'ட்விலைட் பிரின்சஸ்'ஸிலிருந்தே ஒன்று. அங்கே ஹைரூலில் ஆங்காங்கே ஊளைக்கற்கள் நிற்கின்றன. நடுவே துளையிட்ட கற்கள். காற்று புகும்போது அவற்றில் மெட்டு எழும். ஓநாய் உருவில் இருக்கும் லிங்க் அதைக் கேட்டுத் திரும்ப ஊளையிட்டால், அந்தப் பெயர் தெரியாத வீரன் வருவான். டெத் மவுண்டன் பாதையில் நிற்கும் கல்லில் எழுவது 'சாங் ஆஃப் ஹீலிங்'. அந்த மெட்டு ஹைரூலுக்கு உரியதல்ல. 2000இல் வந்த 'மஜோராஸ் மாஸ்க்'கில், தோட்டத்தை விட்டுத் தன் தோழியைத் தேடிப் புறப்பட்ட அதே சிறுவன், டெர்மினா என்னும் அந்நிய நாட்டின் மணிக்கூண்டுக்கு அடியில், முகமூடி விற்பவன் ஒருவனிடம் கற்றுக்கொண்டது. சிறுவனாகத் திரும்பி வந்த அந்த ஒரு லிங்க்கைத் தவிர ஹைரூலில் வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க நியாயமில்லை. அதிகாரபூர்வ நூல் அவன் யார் என்று சொன்னது 2011இல். காது கொடுத்துக் கேட்டவர்களுக்கு 2006லேயே தெரிந்துவிட்டது. ஓநாய் அந்த மெட்டைத் தொடங்குகிறது. தூரத்துப் பாறையின் மேல் பொன்னிற ஓநாய் ஒன்று தலையை உயர்த்தி, தப்பாமல் கூடச் சேர்ந்து பாடுகிறது.